அகதியும் கதியும்

ஸ்ரீ:

உற்சவ ஸேவைக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையேறி வந்திருக்கும் பாகவதர்களின் திருவடிகளில் அடியேனுடைய விண்ணப்பம். ஆண்டுதோறும் இத்தகைய மலர்களில் தலபுராணமோ, ஆழ்வார் வைபவமோ, திருநாமப் பெருமையோ எழுதுவது அர்ச்சகர்களின் வழக்கம். இவ்வாண்டு அடியேன் எழுதப் புகுவது ஒரு கேள்வியைப் பற்றி. அதைக் கேட்டவர் எழுத்தறியாத ஒரு மூதாட்டி. அன்று அடியேன் அவருக்குச் சொன்ன விடை சாஸ்திரத்தினின்று எடுத்த விடை; ஆயினும் தவறான விடை. பல ஆண்டுகள் கழிந்தும் அது நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

“ஐயா, செத்தவீட்டுப் பிள்ளையை ஆட விடலாமோ?”

இதுதான் அவர் கேட்டது. அவர் ஈழத்துத் திருகோணமலைப் பக்கத்தவர். 2006-ஆம் ஆண்டு அங்கே மறுபடியும் போர் மூண்டபொழுது பேத்தி ஒருத்தியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியவர். மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பெற்று, பின்னர் சேலம் மாவட்டத்துச் சமவெளியிலுள்ள முகாம்களில் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். குழந்தைக்கு அப்பொழுது வயது ஆறு. அவளுடைய தாய் தந்தையர் என்னவாயினர் என்பதை அடியேன் அறிவேன், எழுதப் போவதில்லை. எழுதாமைக்குக் காரணம் இக்கட்டுரை முடிவதற்குள் விளங்கும்.

இவர்களைப் போல வந்தவர்கள் சிலர் அல்லர். 1983 முதல் 2012 வரை ஈழத்திலிருந்து தமிழகம் வந்தடைந்தோர் 3,04,269 பேர் என்றும், அவர்களுள் 58,822 பேர் 29 மாவட்டங்களிலுள்ள 108 முகாம்களில் வாழ்கின்றனர் என்றும் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சட்டப்பேரவையில் அரசு கூறியது. அகதிகள் முகாம் என்னும் பெயர் நீக்கப்பட்டு, மறுவாழ்வு முகாம் என்று வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டதும் அப்பொழுதுதான். பெயர் மாறியது நன்றே. ஆயினும் ‘அகதி’ என்னும் சொல்லைப் பாடசாலையில் வேறொரு பொருளில் பயின்றவன் அடியேன். அதைப் பின்னர் விண்ணப்பிக்கிறேன்.

அம்முகாமுக்கு ஞாயிறுதோறும் வந்து பிள்ளைகளுக்கு ஆடல் கற்பித்தவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. பரதம் முறையாகப் பயின்றவர். ஊதியம் எதுவும் பெற்றாரல்லர். முகாமின் சமுதாயக் கூடத்துச் சிமெண்டுத் தரைதான் ஆடரங்கு. தட்டுக்கழியும் கட்டையும் அவரே கொண்டுவருவார். சைவப் பிள்ளைகளும் மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் அங்கே கலந்தே நின்றனர்; யார் எம்மதம் என்று ஆசிரியை வினவியதில்லை. முதல் நாள் பாடம் பூமி வணக்கம். ஆடுகின்றவர் தம் பாதங்களால் பூமிப் பிராட்டியை மிதிக்கப் போவதால், முன்னதாகக் குனிந்து அவளைத் தொட்டுப் பொறுத்தருள வேண்டுவது மரபு. அதைச் சொல்லிக் கொடுத்தபொழுது ஒரு சிறுவன், “இது எங்கட மண் இல்லையே டீச்சர், இதைக் கேக்கலாமோ?” என்றானாம். ஆசிரியை சற்றுத் திகைத்து, “கால் படுகிற மண்ணைத்தானே கண்ணு கேட்க முடியும்?” என்று சொன்னாராம். இதை அவர் அடியேனிடம் சொன்னபொழுது கண் கலங்கியது. வராக மூர்த்தியால் எடுக்கப்பட்ட பிராட்டிக்கு எல்லை வேலி ஏது என்று அன்றே அடியேனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நம் மூதாட்டியின் பேத்தி அதிகம் பேசமாட்டாள். கதவு அறைந்து மூடினால் உடல் உதறும். இரவில் விளக்கை அணைக்க விடாள். ஆயினும் தட்டடவு தொடங்கிவிட்டால் தாளம் தப்பாமல் மிதிப்பாளாம். முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று வேகம் கூடினாலும் அவள் பாதம் கட்டையொலியோடு ஒட்டியே நிற்கும். பிற பிள்ளைகள் ஓய்ந்து அமர்ந்த பின்னும் தனியே மிதித்துக்கொண்டிருப்பாளாம்.

இனி அடியேனுடைய குற்றம். 2009-ஆம் ஆண்டு புரட்டாசி உற்சவம். அடியேன் அக்காலத்தில் வேறொரு ஸந்நிதியில் கைங்கர்யம் செய்துவந்தேன். அது எவ்வூர் என்பது இங்கு வேண்டா. அவ்வாண்டு மே மாதத்தில்தான் ஈழப்போர் முடிந்திருந்தது. தமிழகம் முழுவதும் மனம் புண்பட்டிருந்த காலம். விழாக் குழுவினர் முகாம் குழந்தைகளின் நடனம் ஒன்றை மேடையேற்ற விரும்பினர். ஆசிரியை ஒரு கண்ணன் பாட்டுக்குப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருந்தார். அது போதாது, கடல் கடந்து படகில் வந்த காட்சியை அமைத்தால் உருக்கமாக இருக்கும், முகாமுக்கு உதவியும் சேரும் என்று சொன்னவன் அடியேன். ஆசிரியை தயங்கினார், அர்ச்சகர் சொல்லை மீறக் கூசி இசைந்தார். அப்பொழுதுதான் அம்மூதாட்டி அடியேனைத் தேடி வந்து மேற்படி கேள்வியைக் கேட்டது.

அடியேன் அவரை அமரச் செய்து விளக்கினேன். துன்புற்றோர், உழைத்துக் களைத்தோர், சோகத்தில் ஆழ்ந்தோர், தவம் புரிவோர் ஆகிய இவர்களுக்கெல்லாம் இளைப்பாறுதல் தருவதற்காகவே நாட்டியம் தோன்றிற்று என்று பரத முனிவர் நாட்டிய சாஸ்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே கூறுகிறார். ஆகையால் துக்கமுற்ற குழந்தை ஆடுவது சாஸ்திர ஸம்மதமே என்றேன். அவர், “நீங்கள் படிச்சனீங்கள் ஐயா” என்று சொல்லிப் போய்விட்டார்.

நிகழ்ச்சி நடந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் அச்சிறுமியின் வரலாறு முழுவதையும் ஊர் பெயருடன் விரித்துரைத்தார். சபையில் அழாதவர் இல்லை. படகில் ஒடுங்கி அமர்வது போன்ற அபிநயத்தில் அவள் இருக்கையில், வீதியுலா திரும்பிற்று. வழக்கப்படி அதிர்வேட்டுகள் முழங்கின. குழந்தை மேடையில் குப்புற விழுந்து இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். அதுவும் நடனத்தின் ஒரு பகுதி என்று எண்ணிச் சபையோர் கைதட்டினர். அடியேனும் தட்டினேன்.

பாட்டி மேடையேறி வந்து தம் முந்தானையால் குழந்தையைப் போர்த்தித் தூக்கிச் சென்றார். ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முகாமுக்கென்று உண்டியலில் சேர்ந்த தொகை கணிசமானது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பின் எட்டு மாதங்கள் அவள் ஆடவில்லை. சமுதாயக் கூடத்து வாசலில் வந்து அமர்வாள், உள்ளே வரமாட்டாள்.

பரத முனிவர் சொன்னது பொய்யா? பொய்யன்று, அடியேன் படித்த விதம் பொய். இளைப்பாறுதல் யாருக்கு என்று அடியேன் கேட்டுக்கொள்ளவில்லை. நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை கண்ட அபிநவகுப்தர் ஓரிடத்தில் நடிப்பவனைப் பாத்திரம் என்று ஏன் சொல்கிறோம் என விளக்குகிறார். மதுவைத் தாங்குவது பாத்திரம். சுவைப்பது பாத்திரம் அன்று. அதுபோல ரஸம் சபையோருக்கே உரியது, நடிப்பவனுக்கு அன்று என்பது அவர் கொள்கை. சோகம் என்பது ஒருவன் நெஞ்சைச் சுடும் பாவம். அதுவே மேடையில் பொதுமையுற்றுப் பிறர்க்குச் சுவையாகும்பொழுது கருணம் என்னும் ரஸம். தேர்ந்த நடிகனுக்கு இதனால் கேடில்லை. அவன் தாங்குவது இராமனுடைய சோகம், தமயந்தியின் சோகம். அன்று மேடையில் நின்ற ஒன்பது வயதுக் குழந்தைக்கு அப்படி இரவல் சோகம் எதுவும் தரப்படவில்லை. அவளுடைய சோகத்தையே அவள் கையில் ஏந்தி நிற்கச் செய்தோம். நாங்கள் பருகினோம், அழுதோம், அழுததனால் எங்கள் நெஞ்சு இலேசாயிற்று, வீடு சென்று உறங்கினோம். உறங்காதவள் அவள் ஒருத்தியே. கருண ரஸத்துக்கும் கருணைக்கும் இடையிலுள்ள தூரத்தை அன்று அறிந்தேன். பாடசாலையில் இவ்விரண்டையும் வெவ்வேறு பாடங்களில் படித்திருந்தும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேனில்லை.

இங்கு விபீஷணாழ்வானை நினையாமல் இருக்கலாகாது. அவனும் இலங்கையினின்று கடல் கடந்து வந்தவனே. மனைவி மக்களை விட்டு வந்தவன். தனுஷ்கோடிக்குப் போகும் வழியில், 1964-ஆம் ஆண்டுப் புயலுக்கும் தப்பி நிற்கும் கோதண்டராமர் கோயில் அவனுடைய சரணாகதியை நினைவூட்டும் தலம் அன்றோ? அம்மூதாட்டியின் படகு ஒதுங்கிய கரையும் அதே கரைதான். ஆகாயத்தில் நின்றவனைக் கொல்ல வேண்டும் என்றார் ஸுக்ரீவ மஹாராஜர். ஏற்கலாம் என்றான் திருவடி. பெருமாள் எல்லோர் கருத்தையும் கேட்ட பின், ஒருமுறை சரண் என்றவனுக்கு அபயம் அளிப்பது தம் விரதம் என்று அருளிச்செய்தார். அபயம் அளித்த பின்னரும் அவனிடம் அவர் வினவியது இலங்கையின் படைபலத்தைப் பற்றி. உன் வீட்டில் என்ன நடந்தது, எப்படி அழுதாய், அதை இவ்வானர சேனைக்கு நடித்துக் காட்டு என்று கேட்டாரில்லை. அடைக்கலம் கொடுப்பவன் கேட்கத் தகாத விலை அது. அதை அடியேன் கேட்டேன், ஒரு குழந்தையிடம். அவளுடைய வரலாற்றை மீண்டும் இங்கு எழுதாமைக்குக் காரணமும் இதுவே.

அப்படியாயின் அவள் ஆடவே கூடாதா? மூதாட்டியின் கேள்விக்குக் கூடாது என்பதுதான் விடையா? இங்கேதான் ‘அகதி’ என்னும் சொல்லுக்கு வருகிறேன்.

கம் என்னும் தாதுவினின்று பிறப்பது கதி. செல்லுதல் என்பது அதன் முதற்பொருள். செல்லும் இடம், சென்று சேரும் புகல் என்பன அதிலிருந்து விரிந்தவை. புகலற்றவன் அகதி. நம் ஸம்பிரதாயத்தில் இது இழிசொல் அன்று. கைம்முதல் இல்லாமையும் வேறு கதி இல்லாமையுமே சரணாகதிக்கு வேண்டும் தகுதி என்று ஆசாரியர்கள் காட்டியிருக்கிறார்கள். வேறு கதி இல்லாதவன் அநந்யகதி. எம்பெருமானுக்கு மிகவும் அணுக்கமானவன் அவனே. இனி, நாட்டியம் கற்பவர்களைக் கேட்டால் கதி என்பதற்கு நடை என்று பொருள் சொல்வார்கள். இன்ன பாத்திரம் இன்னவாறு நடக்க வேண்டும் என்பதைக் கூறும் பகுதிக்கு நாட்டிய சாஸ்திரத்தில் கதிப்பிரசாரம் என்று பெயர். தாளத்தில் திச்ரம், சதுச்ரம், கண்டம், மிச்ரம், ஸங்கீர்ணம் என்னும் ஐந்து நடைகளையும் கதி என்றே வழங்குவர். புகலும் கதி; காலடியும் கதி. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பதை அடியேன் நாற்பது வயதை நெருங்கும்வரை கவனிக்கவில்லை.

ஸ்ரீமத் பாகவதத்தில் காளிய மர்த்தனம் சொல்லுமிடத்தில் அநந்யகதி என்னும் இச்சொல் வருகிறது. கண்ணன் பாம்பின் பிடியில் அசைவற்றுக் கிடக்கிறான். கரையில் கோகுலத்தார் பெண்டிர் பிள்ளைகளோடு துடிக்கின்றனர். வேறு கதியற்ற அவர்களைக் கண்டு, ஒரு முகூர்த்த நேரம் அப்படியே இருந்துவிட்டு, பின்னரே கட்டினின்று எழுந்தான் என்கிறார் சுகர். அதன்பின்தான் படங்களின் மேல் ஆடல். இங்கு இரண்டு செய்திகள் அடியேனுக்குப் பட்டன. ஆடியது கதியற்றவர்கள் அல்லர். கதியற்றவர்களுக்காக அவன் ஆடினான். நாமோ தலைகீழாகச் செய்தோம்: கதியற்றவளை நமக்காக ஆடவைத்தோம். இரண்டாவது, எழுவதற்கு முன் அசையாதிருந்த அந்த ஒரு முகூர்த்தம். பரம்பொருளே மானிட நெறியைப் பின்பற்றிச் சற்று நேரம் கட்டுண்டு கிடந்தான் என்றால், வாசற்படியில் எட்டு மாதம் அமர்ந்திருந்த குழந்தையை ‘எழுந்திரு, ஆடு’ என்று அதட்ட நமக்கு என்ன உரிமை? ஆசிரியை அதட்டவில்லை, கட்டையை மட்டும் நிறுத்தாமல் தட்டிவந்தார்.

தட்டுக்கழியின் ஒலி அவளை ஏன் அச்சுறுத்தவில்லை என்று ஒருநாள் ஆசிரியையிடம் கேட்டேன். வேட்டுச் சத்தம் எப்பொழுது வரும் என்று தெரியாது, தாளம் எப்பொழுது வரும் என்று தெரியும் என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. அடியேன் அதைப் பலமுறை அசைபோட்டிருக்கிறேன். குண்டு விழும் ஊரில் பிறந்த குழந்தைக்கு அடுத்த கணம் என்பது பகைவன். ஆதிதாளத்தின் எட்டாவது அட்சரத்துக்குப் பின் ஸமம் வந்தே தீரும். நேற்றும் வந்தது, நாளையும் வரும். அடுத்த கணத்தை நம்புவதற்கு உடம்பே கற்றுக்கொள்கிறது. இதற்கு அபிநயம் வேண்டியதில்லை, கதை வேண்டியதில்லை, சபை வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இன்னும் நான்கு பிள்ளைகள் அதே அடவை மிதித்தால் போதும்.

மேலைநாட்டிலும் இவ்வழியைக் கண்டவர்கள் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் என்னும் மனநோய் மருத்துவமனையில் 1942 முதல் மரியன் சேஸ் என்னும் நடன மாது பணியாற்றினார். உலகப் போரில் உள்ளம் சிதைந்து திரும்பிய போர்வீரர்களும் அவரிடம் வந்தோருள் இருந்தனர். அவர் எடுத்த எடுப்பில் நடனம் கற்பிப்பதில்லையாம். நோயாளி விரலை மட்டும் அசைத்தால் தாமும் அதே அசைவைத் தம் உடம்பில் ஏற்று எதிர்நின்று, மெல்ல மெல்லப் பலரையும் ஒரு வட்டத்துக்குள் கொண்டுவருவார். கொல்கத்தாவில் 2004 முதல் சோஹினி சக்ரவர்த்தி என்பார் சன்வேத் என்னும் அமைப்பின் வாயிலாக, கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்கு ஆடலின் வழியே துணை நிற்கிறார். அப்படித் தேறியவர்களே பின்னர் பிறர்க்குக் கற்பிப்போராயினர். ஈழத்திலேயே மட்டக்களப்பில், போர் நடந்துகொண்டிருந்த 1996-ஆம் ஆண்டில், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினர். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், கதை புனைந்தனர், வேடம் கட்டி விளையாடினர். இவற்றில் எதிலும் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்க வருகிற சபை நடுவில் இல்லை என்பது கவனிக்கத் தக்கது.

நம் முன்னோர்க்கு இது புதிதன்று. குரவை என்பது என்ன? கைகோத்து வட்டமாக நின்று, உள்முகம் நோக்கி ஆடுவது. வட்டத்துக்கு முன்வரிசை இல்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரைப் புறத்து ஆயர்சேரியில் பால் உறையவில்லை, எருதின் கண்ணில் நீர் வழிகிறது. என்னவோ தீங்கு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி, கன்றும் பசுவும் துயர் நீங்குக என்று, மாயவன் அந்நாளில் ஆடிய குரவையை ஆடச் செய்கிறாள். ஏழு கன்னியர் ஏழு சுரங்களின் பெயர் பூண்டு வட்டம் சேர்கின்றனர். பக்கத்திலே அடைக்கலமாக வந்த கண்ணகி நிற்கிறாள். பின் நடந்தது யாவரும் அறிந்ததே. குரவை முடியும் தறுவாயில் கோவலன் கொலையுண்ட செய்தி சேரிக்குள் நுழைகிறது.

சிலர் இதைக் காட்டி, ஆடியதனால் என்ன பயன் விளைந்தது என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆடல் வந்த துன்பத்தை இல்லாமல் ஆக்காது; வருகிற துன்பத்தைத் தடுக்கவும் தடுக்காது. முகாமில் பத்தடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்குவதை எந்த அடவும் மாற்றப் போவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து, இன்னும் எந்நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாத இளைஞர்களுக்குத் தட்டடவு விடையாகாது. அவற்றுக்குச் செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தே ஆகவேண்டும். பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று நாம் கைகழுவிக்கொண்டால் அது 2009-இல் அடியேன் செய்ததைவிடப் பெரிய பிழை. மாதரிக்கு அது தெரியாமலில்லை. அஞ்சி நிற்கும் சேரியில் பெண்கள் தனித்தனியே நடுங்காமல் ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்க ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்தாள்.

2010-ஆம் ஆண்டு மே மாதம் ஆசிரியை முகாம் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்து வந்தார். வளைவு வளைவாக ஏறும் பேருந்தில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டன. மறுநாள் சேர்வராயன் மலையுச்சித் திருவிழா. ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அம்முகட்டில், தாழ்ந்த குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருப்பதைப் பலர் சேவித்திருப்பீர்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து மலையாளிகள் திரளுவர். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: இவர்கள் கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர்கள் என்னும் பொருளில் அப்பெயர் பூண்ட, தமிழ் பேசும் இம்மலையின் மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்தவர்கள் என்றும், கரிராமன் என்னும் தம் தெய்வம் அவ்வூரை விட்டு நீங்கியபொழுது அவனைத் தொடர்ந்து சகோதரர் மூவர் குடும்பத்தோடு புறப்பட்டனர் என்றும், பெரியண்ணன் வழியினர் இம்மலையேறினர், மற்றையோர் பச்சைமலையும் கொல்லிமலையும் சேர்ந்தனர் என்றும் அவர்கள் கூறுவர். எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1909-இல் வெளியிட்ட நூலிலும் இவ்வரலாறு பதிவாகியிருக்கிறது. எந்த நூற்றாண்டில் நடந்தது, நடந்ததா என்றெல்லாம் ஆராய அடியேன் புகவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்ளும் மக்கள் இவர்கள் என்பது போதும்.

அன்று பிற்பகல் மஞ்சு இறங்கிவிட்டது. பத்தடி தூரத்தில் ஆள் தெரியவில்லை. எங்கோ மேளம் கேட்டது. நெருங்கிப் பார்த்தால் மலைப்பெண்கள் வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவரும் அவர்களைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவும் முடியாது. முகாம் பிள்ளைகள் விளிம்பில் நின்றன. வட்டத்திலிருந்த ஒரு கிழவி ஆட்டத்தை நிறுத்தாமலேயே கையை நீட்டினார். “வா ஆயா” என்றது மட்டும் காதில் விழுந்தது. பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்கவில்லை. எட்டு மாதம் ஆடாதிருந்த குழந்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் இரண்டு சுற்று வெறுமனே நடந்தாள். மூன்றாம் சுற்றில் கால் மேளத்தில் விழுந்தது. பிறகு மஞ்சுக்குள் போய்விட்டாள். சுற்றி வரும்பொழுது தெரிவாள், மறைவாள்.

அடியேன் பக்கத்தில் நின்ற மூதாட்டி பார்த்துக்கொண்டேயிருந்தார். அன்று அவருக்கு விடை சொல்ல அடியேனிடம் வாய் இருந்தது, சொல் இல்லை. அவரேதான் பேசினார்: “இதுக்குத் துடக்கில்லைத்தானே ஐயா?” இல்லை அம்மா என்றேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் போனார்.

நம் திருவரங்கத்தில் அரையர் ஸ்வாமிகள் தாளமிட்டு அபிநயிக்கும்பொழுது எதிரே எழுந்தருளியிருப்பவர் நம்பெருமாள். நாம் ஓரத்தில் நிற்பவர்கள். நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாகப் பெரியோர் கூறும் அந்த ஏற்பாட்டின் அருமை அடியேனுக்கு அந்த மஞ்சுக்குள்தான் ஓரளவு விளங்கிற்று. பார்க்கிறவனுக்கு அழுது தீர்த்துக்கொள்ள வேண்டிய தேவை எதுவும் இல்லாதபொழுது, ஆடுகிறவர் பாத்திரமாக வேண்டியதில்லை.

அக்குழந்தை நாட்டியக்காரி ஆகவில்லை. படித்து முடித்துச் சேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். சென்ற ஆண்டு தன் கைக்குழந்தையோடு இந்த ஸந்நிதிக்கு வந்து தீர்த்தம், சடாரி பெற்றுச் சென்றாள். வேட்டுச் சத்தத்துக்கு இன்னமும் காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆடல் அவளைக் குணப்படுத்திற்றா என்று கேட்டால், சிரித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருந்தது ஸ்வாமி என்றாள்.

அவள் சொன்னதன் பேரில் விழாக் குழுவினரிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைத்தேன். அவர்களும் அன்புடன் ஏற்றனர். அதிர்வேட்டு இடுவதற்குச் சற்று முன்னர் கொடிமரத்தடியில் சேமக்கலம் மும்முறை ஒலிக்கும். கைக்குழந்தையுடன் வருவோரும், முதியோரும், சத்தத்துக்கு அஞ்சுவோரும் அதைக் கேட்டவுடன் திருமடைப்பள்ளிக்குப் பின்புறமுள்ள கூடத்துக்குச் சென்றுவிடலாம். உற்சவ நாட்களில் மாலை வேளையில் வடக்குத் திருவீதியில் பெண்களும் பிள்ளைகளும் கும்மி, கோலாட்டம் ஆடுவர். அங்கே மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நாற்காலி போடுவதில்லை. படம் எடுக்க வேண்டா. கோலாட்டக் கழிகள் மண்டபத் தூண் ஓரத்தில் கூடையில் வைக்கப்பட்டிருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.